வாடைக்கும் கச்சானுக்கும் நடுவே ஒரு கம்பியின் உயரம்

மின் கிற்றாரின் கம்பிக்கும் அதன் கீழே கழுத்தின் குறுக்காகப் பதிக்கப்பட்டிருக்கும் உலோக மெட்டுக்கும் இடையில் உள்ள வெளி, ஒழுங்காக அமைக்கப்பட்ட கருவியின் நடுப்பகுதியில் இரண்டு மில்லிமீற்றரைப் பொதுவாகத் தாண்டுவதில்லை. ஆயினும் விரல் நோகுமா நோகாதா, சுருதி சேருமா விலகுமா, ஒலி தெளியுமா இரையுமா என்ற மூன்றையும் பெரும்பாலும் இந்த வெளியே தீர்மானிக்கிறது. வாசிப்போர் இதனை 'அக்‌ஷன்' என்பர். தமிழில் கம்பி உயரம் என்றாலே பொருள் விளங்கும். புதிதாகக் கற்பவர் விரல் நுனி கன்றிப்போய், தமக்குக் கை வரவில்லை என்று தம்மையே குறைகூறிக் கருவியை அலுமாரியின் மேல் ஏற்றிவைத்துவிடும் வீடுகள் பலவற்றில் குற்றம் கையினுடையதன்று, கம்பி உயரத்தினுடையதே. அதனைச் சீர்செய்யத் தேவையானவை ஓர் அலன் கீ, ஒரு திருப்புளி, ஓர் உருக்கு அடிமட்டம், கைப்பேசியில் ஒரு சுருதிமானி, ஒரு மாலை நேரத்துப் பொறுமை ஆகியவையே.

அம்பாறைக் கரையோரத்தில் இந்தச் சிறிய அளவு கூடுதல் கவனத்தைக் கேட்கிறது. அதற்குக் காரணம் காற்று. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலை ஒட்டி நீளும் ஊர்களில் ஒக்டோபரில் தொடங்கும் மழை, வடகீழ்ப் பருவக்காற்றோடு சேர்ந்து ஜனவரியையும் தொட்டு, ஆண்டு மழையின் பெரும்பங்கைக் கொட்டித் தீர்க்கிறது. வாடை வீசும் அந்த மாரியில் சமையலறை உப்பு கசிகிறது, மரக்கதவு நிலைக்குள் இறுகி உதைத்தால்தான் திறக்கிறது. மே மாதத்துக்குப் பின்னர் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது சூடேறி உலர்ந்து, கச்சான் என்ற பெயரோடு வயல்வெளிகளைத் தடவிக்கொண்டு கரைக்கு வருகிறது. மாரியில் இறுகிய அதே கதவு அப்போது காற்றில் தானாக ஆடுகிறது. கதவு மரத்துக்கு நேர்வது கிற்றாரின் கழுத்து மரத்துக்கும் நேர்கிறது. கதவு இறுகினால் அனைவருக்கும் தெரிகிறது, கழுத்து வளைந்தால் விரலுக்கு மட்டுமே தெரிகிறது.

ஈரத்துக்குக் கருவி அசையும் என்பது இப்பிரதேசத்துக்குப் புதிய செய்தியன்று. நோன்பு மாதத்தில் ஸஹர் வேளையில் ஊரை எழுப்பிவரும் பக்கீர் பாவாக்கள், பனியிலும் மழையிலும் றபானின் தோல் தளர்ந்து ஒலி மங்கும்போது அதனை அனலில் காட்டி இறுக்கிக்கொள்வர். தோலை வெப்பத்தால் மீட்கலாம் என்ற அந்த அறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது. மின் கிற்றாரின் கழுத்தையோ எந்தக் காரணம் கொண்டும் அனலில் காட்டலாகாது. ஆனால் அதற்கு ஈடான திருகாணிகளை, கருவியைச் செய்தவர்களே உள்ளே வைத்திருக்கிறார்கள்.

தந்திக்கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இக்கரையில் ஒரு பெரிய பெயரும் உண்டு. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்த காரைதீவில் 1892-இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கியவர், வில் யாழ், பேரி யாழ், மகர யாழ், சகோட யாழ், செங்கோட்டி யாழ் எனப் பழந்தமிழ் நரம்புக்கருவிகளின் அமைப்பையும் சுரக் கணக்கையும் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947-இல், அவர் மறைந்த அதே ஆண்டில், வெளிவந்தது. யாழ்களுள் வில் யாழ் போன்றவற்றில் நரம்புகள் வெறும் வெளியில் நிற்கின்றன. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பதே அங்கு முறையாதலால், நரம்பை அழுத்துவதற்கு அடியில் மெட்டு எதுவும் இல்லை. அழுத்த வேண்டாத கருவியில் கம்பி உயரம் என்ற சிக்கலும் இல்லை. ஒரே கம்பியைப் பல இடங்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம் என்ற சிக்கனம் கண்டுபிடிக்கப்பட்ட நாளில்தான் இந்தச் சிக்கலும் உடன்பிறந்தது. மரத்தைப் பற்றிய கவலையும் பழையது: சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் அவையில் நடக்கும் யாழ்ப்போட்டியில் சீவகன் யாழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கும்போது, அவன் சொல்லும் குற்றங்களுள் மரம் நீரில் நின்று நைந்தது என்பதும் ஒன்று. ஈர மரம் நல்ல கருவியாகாது என்பதைத் தமிழ்க் காப்பியத் தலைவன் அறிந்திருந்தான்.

வீணை இச்சிக்கலை ஒரு விதமாகத் தீர்த்தது. அதன் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்படுவதால், வெப்பத்தில் மெழுகு இளகி மெட்டு நகரும்போது அதனை மீண்டும் சுரத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். இவ்வேலையை மேளம் கட்டுதல் என்பர். மின் கிற்றாரில் இது தலைகீழாக அமைந்துள்ளது: மெட்டுகள், அதாவது வாசிப்போர் 'பிரெட்' எனக் குறிப்பிடும் உலோகக் கம்பிகள், மரத்தில் அறைந்து இறுக்கப்பட்டு அசைவற்று நிற்க, கம்பிகளைத் தாங்கும் குதிரையும் கழுத்துமே அசைக்கத்தக்கனவாக விடப்பட்டுள்ளன. குதிரை என்பது வயலினிலும் வீணையிலும் கம்பிகளைத் தாங்கும் பகுதிக்குத் தமிழில் வழங்கும் பெயர். கிற்றார்க்காரர் அதனை 'பிரிட்ஜ்' என்பர். அக்குதிரையின்மேல் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே அமைந்த சிறு உலோகத் துண்டு 'சேடில்' எனப்படுகிறது; குதிரைக்குச் சேணம் என்று நேரே பொருள் கொண்டாலும் தவறில்லை. கழுத்தின் மறுமுனையில், சுருதி முறுக்கிகளுக்குச் சற்றுக் கீழே, கம்பிகள் தனித்தனிக் காடியில் படிந்து செல்லும் வெள்ளைத் துண்டு 'நட்' ஆகும். நட்டிலிருந்து சேடில் வரையுள்ள நீளமே கம்பியின் ஒலிக்கும் நீளம். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் இது 648 மில்லிமீற்றர், கிப்சனின் லெஸ் போல் வகையில் ஏறத்தாழ 628 மில்லிமீற்றர். இவற்றின் சரிபாதியில் பன்னிரண்டாம் மெட்டு அமைந்து, திறந்த கம்பியின் சுரத்துக்கு மேற்ஸ்தாயியைத் தருகிறது.

கழுத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் உறுப்பு இருக்கிறது. நடுத்தரக் கனமுள்ள ஆறு உருக்குக் கம்பிகளை, அதாவது மிக மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கும் மிகத் தடித்தது நாற்பத்தாறு பங்கும் கொண்டதாக விற்கப்படும் தொகுதியை, உரிய சுருதிக்கு முறுக்கினால் அவை எல்லாம் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 47 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. ஒரு சீமெந்து மூட்டைக்குச் சற்றே குறைந்த பாரம் இரவும் பகலும் அந்த மெல்லிய மரத்தில் தொங்குகிறது என்று கொள்ளலாம். இந்த இழுவையில் வில்லாக வளையப் பார்க்கும் கழுத்தை எதிர்த்திசையில் பிடித்து நிறுத்தவே உள்ளே நீளவாக்கில் ஓர் உருக்குக் கோல் செலுத்தப்பட்டுள்ளது. 'ட்ரஸ் றொட்' என வழங்கும் இதனைக் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹியூ வடிவமைத்து, 1923-இல் ஆக்கவுரிமை பெற்றார். மின் கிற்றார் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அதன் கழுத்துக்கு வேண்டிய முதுகெலும்பு ஆயத்தமாகிவிட்டது. மருதமுனையின் தறிக்காரர்களுக்கு இதனை விளக்குவது எளிது: பாவு நூல்களின் இழுவை ஏறினாலும் இறங்கினாலும் நெசவு கெடும், அந்த இழுவையைத் தாங்கும் தறியின் கட்டை வளைந்தாலோ நூலை எவ்வளவு சீர்செய்தும் பயனில்லை.

இங்கே ஒரு முரண் தோன்றும். வளைவை எதிர்க்கவே கோல் என்றால், கழுத்தை நேர்கோடாக ஆக்கிவிடுவதுதானே முறை என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு ஆக்கலாகாது. மீட்டப்பட்ட கம்பி நேர்கோடாக அதிர்வதில்லை. இரு முனைகளில் ஒடுங்கி நடுவில் பருத்த வடிவில், கண்ணுக்குப் புகைபோலத் தெரியுமளவு விரிந்து அதிர்கிறது. அந்தப் பருத்த நடுப்பகுதிக்கு இடம் விடுவதற்காகக் கழுத்தில் மிக மெல்லிய ஒரு குழிவு வேண்டும்; முதல் மெட்டையும் கழுத்து உடலோடு சேருமிடத்து மெட்டையும் ஒரே வேளையில் அழுத்தினால், எட்டாம் மெட்டுக்கு மேலே கம்பி சற்றே உயர்ந்து நிற்கும் அளவுதான் அது. மெட்டுகளைத் தாங்கும் பலகையின் குறுக்கு வளைவைப் பொறுத்து 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் வரை ஃபெண்டர் பரிந்துரைக்கும் குழிவு, அச்சடிக்கும் சாதாரண ஏ4 தாள்கள் இரண்டு அல்லது மூன்றின் கனத்துக்கு மேற்படாது.

வாடையும் கச்சானும் விளையாடுவது இந்த இரண்டு மூன்று தாள்களின் கனத்தில்தான். மரம் ஈரத்தை உறிஞ்சினால் நாரோட்டத்தின் குறுக்கே நன்றாகப் பருக்கிறது, நீளவாக்கில் மிகச் சொற்பமாகவே நீள்கிறது. கழுத்தோ பெரும்பாலும் ஒரே மரமன்று; பின்புறம் மேப்பிளோ மகோகனியோ, முன்புறம் மெட்டுகளைத் தாங்கும் பலகையாக ஒட்டப்பட்ட வேறொரு கடின மரமும் ஆகும். இரண்டும் ஒரே ஈரத்துக்கு ஒரே அளவில் பருப்பதில்லை; ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்று மற்றதை இழுக்க, கழுத்து முன்னாலோ பின்னாலோ சாய்கிறது. எத்திசையில் சாயும் என்பது அந்தந்தப் பலகையின் நாரோட்டத்தையும் பூச்சையும் பொறுத்து ஒரு கருவிக்கும் அடுத்ததற்கும் மாறுபடும் என்பதால், மாரி வந்தால் கோலை இறுக்கு, கோடை வந்தால் தளர்த்து என்று பொதுவிதி கூறுவோரின் பேச்சைக் கேட்பது கருவிக்கு நல்லதன்று. அளந்த பின்னரே திருக வேண்டும். மத்திய கிழக்கில் தொழில் பார்த்துத் திரும்புவோரின் பொதிகளில் வரும் கிற்றார், குளிரூட்டப்பட்ட வறண்ட கடையிலிருந்து நேரே கல்முனையின் கடற்காற்றுக்குள் நுழையும்போது, முதற்சில வாரங்களில் அதன் கழுத்து நிலைகொள்ளாது அசையும். அப்போதே அலன் கீயை எடுக்காமல், ஒரு மாதம் அது ஊர்க்காற்றைப் பழகும்வரை விட்டுவைப்பதே அறிவுடைமை.

அளப்பதற்கு முன்னர் வாசிக்கப்போகும் கம்பிகளையே புதிதாகப் பூட்டி, வாசிக்கப்போகும் சுருதிக்கே முறுக்கி வைத்தல் வேண்டும். ஒரு படி மெல்லிய கம்பித் தொகுதிக்கு மாறினால் மொத்த இழுவை ஏறத்தாழ 38 கிலோகிராமுக்கு இறங்கும். பழைய கம்பிகளோடு அளந்து சீர்செய்து, பின்னர் புதுக் கம்பி பூட்டினால் வேலை முழுவதும் வீணாகும். கருவியை மேசையில் மல்லாக்கக் கிடத்தி அளப்பதும் தவறு. கழுத்து தன் எடையாலேயே சற்று வளைந்துவிடுமாதலால், மடியில் வாசிக்கும் நிலையிலேயே வைத்து அளக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளின் பிளாஸ்ரிக் அடிமட்டம் உதவாது, ஏனெனில் அதன் பூச்சியக் கோடு விளிம்பிலிருந்து சில மில்லிமீற்றர் தள்ளியே தொடங்குகிறது. விளிம்பிலேயே பூச்சியம் தொடங்கும் உருக்கு அடிமட்டம் ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கிறது. குழிவை அளக்க உலோகத் தகடுகள் விசிறிபோல் விரியும் 'ஃபீலர் கேஜ்' சிறந்தது. இதனைத் தேடி இசைக்கருவிக் கடைக்கு அலைய வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளின் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க அதையே பயன்படுத்தும் கராஜ் எந்தச் சந்தியிலும் இருக்கும். அதுவும் கிடையாதவிடத்து வங்கி அட்டை கைகொடுக்கும்: உலகெங்கும் ஒரே தரத்தில் செய்யப்படும் அவ்வட்டையின் கனம் 0.76 மில்லிமீற்றர் என்பதால், எழுத்துப் புடைக்காத இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மிக நெருங்கிய அளவுகோல் ஒன்று கையில் இருக்கும்.

வேலையின் வரிசை முக்கியம். கழுத்து முதலில், சேடில் பின்னர். பெரும்பாலான பிழைகள் இவ்வரிசையை மாற்றுவதால் நேர்கின்றன: கழுத்து வளைந்ததால் உயர்ந்த கம்பியை ஒருவர் சேடிலைத் தாழ்த்தி இறக்கினால், நடுவில் உயரம் தணிந்தாலும் உயர் மெட்டுகளில் கம்பி உரசத் தொடங்கும். முதல் மெட்டில் 'கப்போ' எனும் பிடியைப் பூட்டி, அது இல்லாதவர் இடக்கை விரலால் அழுத்தி, கழுத்து உடலோடு சேருமிடத்து மெட்டை வலக்கையால் அழுத்தி, எட்டாம் மெட்டின்மேல் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி கூடியிருந்தால் கோலின் திருகாணியை வலஞ்சுழியாகத் திருகினால் கழுத்து நேராகி இடைவெளி குறையும். இடைவெளியே இன்றிக் கம்பி மெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் இடஞ்சுழியாகத் தளர்த்தினால் குழிவு உண்டாகும். ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகலாகாது. ஒவ்வொரு கால் சுற்றுக்குப் பின்னரும் சுருதியை மீண்டும் கூட்டி, மீண்டும் அளக்க வேண்டும். திருகாணி எதிர்க்கிறதென்று கையின் முழுப் பலத்தையும் செலுத்துவது இக்கருவிக்கு வீட்டில் நேரக்கூடிய ஆகப்பெரிய விபத்துக்கு வழிவகுக்கும். சேடிலைப் பிழையாகத் திருகினால் மறுபக்கம் திருகிச் சீர்செய்யலாம், முறிந்த கோலைச் சீர்செய்யக் கழுத்தையே பிரிக்க வேண்டிவரும். அலன் கீ பொருந்தாமல் ஆடினாலும் நிறுத்திவிட வேண்டும். அங்குல அளவுச் சாவியும் மில்லிமீற்றர் அளவுச் சாவியும் பார்வைக்கு ஒன்றுபோலிருந்து திருகாணியின் அறுகோணக் குழியை வழித்துவிடும்.

கழுத்து நிலைபெற்ற பின்னரே சேடிலின் உயரம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஒவ்வொரு சேடிலுக்கும் இரண்டு நுண்ணிய திருகாணிகள் இருக்கின்றன. மிகப் பொடியான அலன் கீயால் இரண்டையும் சமமாகத் திருகினால்தான் சேடில் சாயாமல் ஏறும் இறங்கும். லெஸ் போல் வகையில் 1954 அளவில் கிப்சன் அறிமுகப்படுத்திய குதிரை இரண்டு தூண்களில் நிற்கிறது. அங்கு கம்பிக்கம்பியாக உயரம் மாற்ற இயலாது, தடித்த கம்பிப் பக்கத்தையும் மெல்லிய கம்பிப் பக்கத்தையும் தனித்தனியே உயர்த்தவோ தாழ்த்தவோதான் முடியும். ஓர் எளிய வடிவகணித உண்மை இவ்விடத்தில் உதவும்: கம்பியின் ஒரு முனை நட்டில் நிலைத்திருக்க மறுமுனையை உயர்த்துவதால், சேடிலில் ஒரு மில்லிமீற்றர் ஏற்றினால் நடுவே பன்னிரண்டாம் மெட்டில் அரை மில்லிமீற்றரே ஏறும். ஆசியாவில் செய்யப்படும் பல கருவிகளின் சேடில் திருகாணி முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீற்றர் நகர்வது. ஆகவே முழுச் சுற்று ஒன்று பன்னிரண்டாம் மெட்டில் கால் மில்லிமீற்றரை மாற்றும் என்று மனத்தில் வைத்துக்கொண்டால், கண்மூடித்தனமாகத் திருக வேண்டியதில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் குதிரை பின்புறத்துச் சுருள்வில்களால் இழுத்துப் பிடிக்கப்பட்டு அசையத்தக்கதாக இருப்பதால், அது முன்னோக்கித் தூக்கி நிற்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். குதிரையே தூக்கி நின்றால் கம்பி உயர்வதற்குச் சேடில் பொறுப்பாகாது.

எந்த அளவில் நிறுத்துவது என்பதற்கு நிறுவனங்கள் தொடக்க எண்களைத் தந்திருக்கின்றன. ஃபெண்டர் பதினேழாம் மெட்டில் கம்பியின் அடிவிளிம்புக்கும் மெட்டின் உச்சிக்கும் இடையே ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர் என்கிறது. பலகையின் குறுக்கு வளைவு அதிகமான பழைய வகைகளில் தடித்த கம்பிப் பக்கத்தில் 2 மில்லிமீற்றர் வரை விடுகிறது. கிப்சன் பன்னிரண்டாம் மெட்டில் தடித்த கம்பிக்கு 2 மில்லிமீற்றரும் மெல்லியதற்கு 1.2 மில்லிமீற்றரும் கூறுகிறது. தடித்த கம்பிக்குக் கூடுதல் இடம் வேண்டியிருப்பதன் காரணம் அதன் அதிர்வு அகன்றது என்பதே. கிற்றாரின் ஆகத் தாழ்ந்த கம்பி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 82 முறையும் ஆக உயர்ந்தது 330 முறையும் அதிர்கின்றன.

இவ்வெண்கள் தொடக்கமேயன்றி முடிவல்ல என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் கம்பி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு கருவி சிறந்தது என்ற ஒரு மூடநம்பிக்கை இளம் வாசிப்போரிடையே வேரூன்றியிருக்கிறது. வேகமாக ஒற்றைச் சுரங்களை உதிர்ப்போருக்குத் தாழ்ந்த கம்பி உதவும். இலங்கையில் மின் கிற்றார் பெற்ற வாழ்வோ வேறு விதமானது. 1960-களில் கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்கள மெல்லிசையில் அதனை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப்பிசையைப் பரப்பினர். பைலாவின் துள்ளலோ இத்தீவின் எந்த இசைக்குழுவையும் விட்டுவைக்கவில்லை. இவை அனைத்திலும் கிற்றாரின் முதல் வேலை தாளத்தோடு ஆறு கம்பிகளையும் வீசி அடிப்பது. திறந்தவெளி மேடையில் மத்தளத்துக்கு ஈடுகொடுத்து அடிக்கும் கை, மிகத் தாழ்ந்த கம்பியை மெட்டில் மோதி இரையச் செய்துவிடும். அத்தகையோர் நிறுவன அளவுக்கு மேல் கால் மில்லிமீற்றர் ஏற்றி வைத்துக்கொள்வதில் இழப்பு எதுவுமில்லை. கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுப்போரின் தேவையும் அவ்வாறே: சுகுமார் பிரசாத்தும் பின்னர் பிரசன்னாவும் கர்நாடக இசையை மின் கிற்றாரில் வாசித்துக் காட்டியது போல் கம்பியை இழுத்து வளைத்தால், குறுக்கே வளைந்த பலகையின் முகட்டை நோக்கிக் கம்பி ஏறி, அடுத்த மெட்டில் முட்டி ஒலி அறுந்துபோகும், கொஞ்சம் உயரமே அதற்கு மருந்து.

மிகை உயரத்துக்கும் விலை உண்டு. உயர்ந்து நிற்கும் கம்பியை மெட்டு வரை அழுத்துவதற்குள் அது சற்று நீண்டுவிடுவதால் இழுவை கூடிச் சுருதி ஏறிவிடும். திறந்த கம்பிகள் யாவும் சுருதிமானியில் சரியாகக் காட்ட, அழுத்திப் பிடித்த சுரக்கூட்டு மட்டும் புளித்து ஒலிக்கும் கருவிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதனையே. முதல் மூன்று மெட்டுகளில் மட்டும் இக்குறை தெரிந்தால் காரணம் சேடிலில் இல்லை, நட்டின் காடிகளில் இருக்கிறது. மூன்றாம் மெட்டை அழுத்திக்கொண்டு முதல் மெட்டின்மேல் கம்பியைத் தட்டிப் பார்த்தால், மயிரிழை போன்ற வெளி இருக்க வேண்டும். அகன்ற வெளி தெரிந்தால் காடி ஆழமில்லை என்பது பொருள். காடியை அராவுவது வீட்டு வேலையன்று. ஒவ்வொரு கம்பியின் கனத்துக்கும் தனி அரம் வேண்டும், ஒரு தேய்ப்பு மிகுந்தால் நட்டையே மாற்ற நேரும்.

இரைச்சலைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு மருத்துவர் நாடி பார்க்கும் பொறுமை வேண்டும். திறந்த கம்பி மட்டும் இரைந்தால் நட்டின் காடி ஆழ்ந்துவிட்டது. தாழ்ந்த மெட்டுகள் மட்டும் இரைந்தால் கழுத்து மிகவும் நேராகிவிட்டது. உயர் மெட்டுகள் மட்டும் இரைந்தால் சேடில் தாழ்ந்துவிட்டது. ஒரேயொரு மெட்டில் மட்டும் இரைச்சல் எழுந்தால் அதற்கு அடுத்த மெட்டு தலைதூக்கி நிற்கிறது, வங்கி அட்டையின் நேரான விளிம்பை மூன்று மெட்டுகளின்மேல் வைத்து ஆட்டிப் பார்த்தால் அது ஊஞ்சலாடிக் காட்டிக்கொடுக்கும். இசைக்கருவி பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவும் ஊர்களில், அயலாருக்கு இடைஞ்சலின்றிப் பெருக்கி இல்லாமல் வாசிப்போர் சிறு இரைச்சல்களுக்கும் கவலைப்படுவர். உண்மையில், மெல்லிய உரசலில் பெரும்பகுதி, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளுக்குள் புகுவதில்லை, ஹெட்போனில் கேட்டால் மறைந்தே போகும். அதில் கேளாத இரைச்சலுக்காகக் கம்பியை மேலும் ஏற்ற வேண்டியதில்லை.

உயரம் மாறினால் கம்பியின் ஒலிக்கும் நீளமும் நுண்ணளவில் மாறுவதால் ஈற்றில் ஒரு சோதனை எஞ்சுகிறது. பன்னிரண்டாம் மெட்டின்மேல் விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டி வரும் மணியோசையையும், அதே மெட்டை அழுத்தி மீட்டிய சுரத்தையும் சுருதிமானியில் ஒப்பிட வேண்டும்; அழுத்திய சுரம் ஏறிக் காட்டினால் சேடிலைப் பின்னே தள்ளிக் கம்பியை நீட்ட வேண்டும், இறங்கிக் காட்டினால் முன்னே கொண்டுவர வேண்டும். தாழ்த்தப்பட்ட கம்பி கீழேயுள்ள காந்தச் சுருளுக்கு அருகில் வந்துவிட்டால் காந்தம் அதனைப் பிடித்திழுத்து ஒலியைத் தள்ளாட வைக்கும் என்பதால், பழைய வகை ஒற்றைச் சுருள்களுக்கும் கடைசி மெட்டில் அழுத்திய கம்பிக்கும் இடையே இரண்டு மில்லிமீற்றருக்குக் குறையாத வெளியும் விடப்படுகிறது.

கடலுக்கு முகங்கொடுத்த வீடுகளில் இத்தனைக்கும் முன்னே நிற்கும் தடை வேறொன்று: உப்பு. சேடிலின் பொடித் திருகாணிகள் துருவேறித் தம் குழிக்குள் ஒட்டிப்போய்விடுவதால், உயரம் மாற்ற முயலும்போது திருகாணி திரும்பாமல் அதன் குழியே வழிந்துபோகிறது. தையல் மெஷினுக்கு இடும் மெல்லிய எண்ணெயில் ஒரு துளியை ஊசி நுனியால் ஒவ்வொரு திருகாணியின் அடியிலும் வைத்து, ஓரிரவு ஊறவிட்டால் பெரும்பாலானவை இளகிவிடும்; எண்ணெய் பலகையிலோ கம்பியிலோ படாமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைப்பதும், கருவியைச் சுவரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் வைத்து, மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் சிலவற்றை உடன் போட்டுவைப்பதும் மாரி மாதங்களில் மிகுந்த பயன் தரும்.

தொழில்முறைப் பழுதுபார்ப்போரைத் தேடிக் கொழும்புக்குக் கருவியைச் சுமந்து செல்வது இக்கரையோரத்தவருக்கு ஒரு நீண்ட பயணம். அங்கு சீர்செய்து திரும்பிய கழுத்தும் அடுத்த காற்று மாறும்போது மறுபடி அசையும். ஆதலால் பெட்டியின் உள்மூடியில் ஒரு தாளை ஒட்டி, திகதி, பூட்டிய கம்பியின் அளவு, எட்டாம் மெட்டின் குழிவு, பன்னிரண்டாம் மெட்டில் இரு ஓரக் கம்பிகளின் உயரம், கோலைத் திருகிய திசையும் சுற்றும் ஆகியவற்றைப் பென்சிலால் குறித்துவைப்பது நல்லது. ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் கடந்த அத்தாளில், அந்தக் கழுத்து வாடைக்கு எப்பக்கம் சாய்கிறது, கச்சானுக்கு எவ்வளவு மீள்கிறது என்பது அதன் உரிமையாளரின் கையெழுத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.